515 கிலோ காரும் மைனர் பாகங்களும்: பண்ணை வீதியில் நடந்த ஒரு சுழற்சியின் ஆய்வு

பின்னணி

இந்தக் கார் தொழிற்சாலையில் பிறந்ததல்ல. கொலின் சப்மன் 1957இல் கொண்டுவந்த லோட்டஸ் செவன் காரின் அமைப்பைப் பார்த்து, 1990களின் பின்பகுதியில் கொழும்புப் பக்கம் ஒருவர் கையால் கட்டியது. அந்த லோட்டஸே இங்கிலாந்தில் பெரும்பாலும் பாகங்களாகத்தான் விற்றது. முழுக்காருக்கு இருந்த கொள்வனவு வரி பாகங்களுக்கு இல்லாததால், வாங்கியவர்கள் வீட்டில் வைத்துப் பொருத்திக்கொண்டார்கள். 1973இல் உரிமை கேற்றர்ஹாம் நிறுவனத்துக்குப் போன பிறகும் அதே அமைப்பு தொடர்கிறது: குழாய்ச் சட்டகம், அதன்மேல் அலுமினியத் தகடு, மூக்கும் மட்காட்டும் ஃபைபர், கதவு கிடையாது.

நமது காரின் சட்டகம் 25 மி.மீ. சதுர இரும்புக் குழாய், சுவர்த் தடிப்பு 1.6 மி.மீ. முன்பக்கம் முழுக்க ட்ரையம்ஃப் ஹெரால்ட் காரின் பாகங்கள்: நிலைக்கம்பம், ஸ்ரியரிங், டிஸ்க் பிறேக். எஞ்சின், கியர்பெட்டி, பின் அச்சு மூன்றும் மொறிஸ் மைனர் 1000 காரிலிருந்து வந்தவை. எஞ்சின் 1098 சி.சி., 1962 முதல் மைனரில் வந்த ஏ-சீரிஸ். பின் அச்சை முன்பின் அசையாமல் பிடிப்பவை நான்கு தண்டுகள், பக்கத்துக்கு மேலொன்று கீழொன்று. இவை இந்தக் கதையில் பின்னால் வரும்.

தற்போதைய உரிமையாளர் 2018இல் காரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்தார். வீடு பண்ணைக்குக் கிட்ட, கடனீரேரியிலிருந்து ஏறத்தாழ 400 மீற்றர். வருடத்துக்கு 800 கிலோமீற்றர் அளவில்தான் ஓட்டம், அதுவும் அநேகமாக ஞாயிறு காலைகளில். பராமரிப்பு, நாற்பது வருடமாக மைனரும் ஒஸ்ரினும் பார்த்துவரும் ஒரு மெக்கானிக்கின் கையில்.

இந்தக் கை எப்படிப்பட்ட கை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். 1990களின் பொருளாதாரத் தடையில் பெற்றோல் வராத யாழ்ப்பாணத்தில், இரண்டு சொட்டுப் பெற்றோலில் எஞ்சினை எழுப்பி மண்ணெண்ணெயில் ஓடவைத்த தலைமுறை இது. கிடைத்ததைக் கடைந்து, உரசி, பொருத்தி வண்டியை வீதியில் வைத்திருப்பதில் இவர்களை மிஞ்ச ஆளில்லை. மைனர் அந்த வித்தையைத் தாங்கும். ஏறத்தாழ 770 கிலோ வண்டி அது. அதற்குள் நான்கு பேரும் ஒரு மூட்டையும் ஏறினாலும், பாகம் கொஞ்சம் கூடக்குறைய இருந்தாலும், பெரிதாகக் காட்டிக்கொள்ளாது. 515 கிலோவே உள்ள இந்தக் கார் அப்படியல்ல.

சம்பவத்துக்கு முந்திய மாற்றங்கள்

பழைய பில்களையும் உரிமையாளரின் குறிப்புக் கொப்பியையும் வைத்து இந்த வரிசை எடுக்கப்பட்டது.

2018: கார் வந்த கையோடு, உப்புக்காற்றுக்குப் பாதுகாப்பென்று அடிப்பக்கம் முழுக்கத் தார்ப்பூச்சு அடிக்கப்பட்டது. பழைய பெயின்ற் சுரண்டப்படவில்லை. கழுவிக் காயவைத்து மேலால் அடித்தார்கள்.

2019: முன் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாட் தேய்ந்து முடிந்தது. 'ஸ்போர்ட்ஸ் கார்தானே' என்று உரிமையாளர் வெளிநாட்டிலிருந்து பந்தயத்துக்கான கடின வகைப் பாட் எடுப்பித்தார். அந்த வகை பாட் சூடேறினால்தான் கடிக்கும். இவ்வளவு பாரம் குறைந்த கார், வீதியில் 50 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகையில், அந்தப் பாட்டை ஒருநாளும் சூடாக்காது.

2020: 'பிறேக் கடிக்குதில்லை' என்ற முறைப்பாடு. இந்தக் காருக்கு பிறேக் சேர்வோ (கால்பலத்தைப் பெருக்கும் கருவி) இல்லை. மெக்கானிக் டிஸ்க்கைப் பார்த்தார், பாட் புதிது, குறையில்லை. ஆகவே பின் ட்றம் பிறேக்கில், லைனரை ட்றம்மில் அழுத்தும் முக்கால் அங்குல வீல் சிலிண்டரைக் கழற்றி, வேறொரு வண்டியின் எட்டில் ஏழு அங்குலச் சிலிண்டரைப் பொருத்தினார். முறைப்பாடு நின்றது.

ரயர் வேறு விஷயம். சுவரில் இருந்த நான்கிலக்கக் குறி 1811, அதாவது 2011இன் 18ஆவது வாரம். பூ (தரையில் படும் பள்ளவேலை) 5 மி.மீ. மிச்சம் இருந்ததால் யாரும் அதைப் பற்றி யோசிக்கவில்லை. ரயர்க்கடைப் பொடியன் ஒவ்வொரு முறையும் "அண்ணை, எவ்வளவு அடிக்க?" என்று கேட்பதும், "எல்லாத்துக்கும் முப்பது" என்று பதில் வருவதும் வழக்கமாயிருந்தது.

சம்பவம்

2023 நவம்பர், மாரி தொடங்கி இரண்டாம் கிழமை. காலை ஆறரை மணி அளவில், பண்ணைத் தாம்போதியில் (கடனீரேரிக்குக் குறுக்கே போகும் வீதி) வேலணைப் பக்கமாகப் போகையில் மழை தூறத் தொடங்கியிருந்தது. வேகம் ஏறத்தாழ 50. ஒரு மாடு இடப்பக்கத்திலிருந்து வீதிக்குள் இறங்க, ஓட்டுநர் பிறேக்கை அழுத்தி மிதித்தார். காரின் மூக்கு வலப்பக்கம் திரும்பியது. அவர் ஸ்ரியரிங்கை இடப்பக்கம் வெட்டியும் கேட்கவில்லை. கார் அரைவட்டம் சுழன்று, வந்த திசையைப் பார்த்தபடி எதிர்ப்பக்கத் தடத்தில் நின்றது. எதிரே வாகனம் வரவில்லை. இடது முன் மட்காட் வீதியோரக் கல்லில் பட்டு வெடித்ததோடு சரி. தாம்போதியின் இரண்டு பக்கமும் கடல் என்பதை அந்த வீதியில் போனவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஆய்வுக்குப் பெரிய உதவியானது ஒரு கைபேசி வீடியோப் படம். பின்னால் வந்த மோட்டார்சைக்கிளின் பின்சீற்றில் இருந்த நண்பர் பொழுதுபோக்காக எடுத்துக்கொண்டிருந்தது. ஈர வீதியில் தடம் நிற்காது என்பதால் வேறு சாட்சி இல்லை. இந்த அமைப்புக் காரில் நான்கு சில்லும் வெளியே தெரியும். படத்தை ஒவ்வொரு சட்டமாக நகர்த்திப் பார்த்தபோது, பின் றிம்மின் வெள்ளைக் காற்றுமூடி ஒரே இடத்தில் நின்றது. முன் சில்லு உருண்டுகொண்டிருந்தது.

முதல் நாள் கருத்து

மெக்கானிக்கின் முதல் கருத்து நேரடியானது: "தம்பி, மழைத்தண்ணி, பழைய ரயர். வேறை ஒண்டுமில்லை." ரயர் பழசு என்பது சரி. நகத்தால் அழுத்தினால் பதியாத அளவுக்கு றப்பர் இறுகியிருந்தது, பூவின் அடியில் மயிர்க்கோடாக வெடிப்பும் இருந்தது. ஆனால் ரயர் நான்கும் ஒரே வயது. வழுக்குவதற்கு ரயர் காரணமென்றால் ஏன் பின்பக்கம் மட்டும் முதலில் பூட்டியது (சில்லு உருளாமல் இறுகி நின்றது) என்ற கேள்விக்கு அந்தக் கருத்தில் விடையில்லை.

பூட்டிய சில்லுக்குப் பக்கவாட்டுப் பிடி கிடையாது. முன் சில்லு முதலில் பூட்டினால் கார் ஸ்ரியரிங்குக்குக் கேளாது, ஆனால் நேரே போகும். பின் சில்லு முதலில் பூட்டினால் பின்பக்கம் முன்பக்கத்தை முந்தப் பார்க்கும், அதுதான் சுழற்சி. எனவே எந்தக் காரிலும் முன் சில்லுதான் முதலில் பூட்ட வேண்டும். இதைச் சரிபார்க்காமல் புது ரயரைப் போட்டு ஓடுவதில்லை என்று முடிவாயிற்று. உரிமையாளருக்கு அது உவப்பாக இல்லை, மாரியில் ஓட்டம் போகுதே என்ற கவலை அவருக்கு.

பாரம் நிறுத்தது

லொறி நிறுக்கும் பாலம் இந்த வேலைக்கு உதவாது. அது 10, 20 கிலோப் படியில் காட்டும். வெங்காய வியாபாரிகளிடம் இருக்கும் 300 கிலோ மேடைத் தராசு நான்கு ஒருநாள் வாடகைக்கு எடுக்கப்பட்டது. ஒரே 50 கிலோ அரிசி மூட்டையை நான்கிலும் வைத்து, எல்லாம் ஒரே அளவு காட்டுகிறதா என்று முதலில் பார்த்தார்கள். ஒன்று அரைக் கிலோ கூடக் காட்டியது, அது குறித்துவைக்கப்பட்டது. தராசுகளின் மேல்மட்டம் 3 மி.மீ.க்குள் சமமாகும்வரை கீழே பிளைவூட் துண்டு வைத்தார்கள். ஓட்டுநரின் சீற்றில் 50 கிலோ மூட்டையொன்றும் 25 கிலோ மூட்டையொன்றும் வைத்துக் கட்டினார்கள். ஒவ்வொரு ரயருக்கும் அடியில் கிறீஸ் தடவிய இரண்டு பொலித்தீன் தாள். இது இல்லாவிட்டால் ரயர் பக்கவாட்டில் இறுகி நின்று பொய்க்கணக்குக் காட்டும். பிறகு காரின் நான்கு மூலையையும் அமுக்கிவிட்டு, ஸ்ப்ரிங் அடங்கியபின் வாசித்தார்கள்.

இடது முன் 142, வலது முன் 136, இடது பின் 152, வலது பின் 160. மொத்தம் 590 கிலோ. முன்பக்கம் 278, பின்பக்கம் 312.

இதிலிருந்து பிறேக்கின் கணக்கு வருகிறது. பிறேக் பிடிக்கையில் பாரம் முன்னுக்குச் சாயும். அது எவ்வளவு என்பது, மொத்தப் பாரத்தை வேகக்குறைவாலும் ஈர்ப்பு மையத்தின் உயரத்தாலும் பெருக்கி அச்சுகளுக்கிடைத் தூரத்தால் பிரித்தால் கிடைக்கும். அச்சுத்தூரம் 2.25 மீற்றர். மைய உயரம் அளக்கப்படவில்லை, 44 செ.மீ. என்று எடுத்துக்கொள்ளப்பட்டது. ஈர வீதியில் ஈர்ப்பின் பாதியளவு வேகக்குறைவு என்றால், 590 × 0.5 × 0.44 ÷ 2.25, ஏறத்தாழ 58 கிலோ முன்னுக்குப் போகும். அப்போது முன்பக்கம் 336, பின்பக்கம் 254. அதாவது முன் பிறேக்கின் பங்கு 57 வீதத்துக்குக் குறைந்தால் பின் சில்லு முதலில் பூட்டும்.

இனி இந்தக் காரின் பிறேக் உண்மையில் எப்படிப் பங்கிடுகிறது? பாட்டை அழுத்தும் கலிப்பர் பிஸ்ரனின் பரப்பு, டிஸ்க்கின் ஆரை, வீல் சிலிண்டரின் பரப்பு, ட்றம்மின் ஆரை, பாட்டினதும் லைனரினதும் உராய்வு ஆகியவற்றைப் போட்டுப் பார்த்ததில், கட்டியவர் விட்ட நிலையில் முன் பங்கு ஏறத்தாழ 69 வீதம். கடினப் பாட் மட்டும் மாறியிருந்தால் 62. பின் சிலிண்டர் மட்டும் மாறியிருந்தாலும் 62. முக்காலிலிருந்து எட்டில் ஏழுக்குப் போவது கண்ணுக்குச் சின்ன வித்தியாசம், ஆனால் பரப்பு 36 வீதம் கூடுகிறது. இரண்டு மாற்றமும் சேர்ந்தபோது 55.

ஒவ்வொன்றும் தனியே பாதுகாப்பான எல்லைக்குள் நின்றது, சேர்ந்து எல்லையைத் தாண்டிவிட்டது. இதற்குமேல், கிளச்சை அமத்தாமல் பிறேக் பிடித்தால் எஞ்சினின் இழுவையும் பின் சில்லில்தான் விழும்.

வியப்பான ஒன்று: காய்ந்த வீதியில் இந்தக் கார் இன்னும் மோசமாக இருந்திருக்கும். பிடி கூடக்கூட முன்னுக்குச் சாயும் பாரமும் கூடும், முன்பக்கத்துக்கு வேண்டிய பங்கு 63 வீதம் வரை போகும். மூன்று வருடமாக அது தெரியாமல் போனதற்குக் காரணம், காய்ந்த வீதியில் சில்லு பூட்டும் அளவுக்கு யாரும் மிதிக்கவில்லை என்பதுதான். சேர்வோ இல்லாத பிறேக்கில் அதற்கு நல்ல கால்பலம் வேண்டும்.

முதல் திருத்தம்

பரிசீலிக்கப்பட்ட ஒரு வழி, பின் பிறேக் குழாயில் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு போடுவது. மலிவு, அரைநாள் வேலை. அது கைவிடப்பட்டது. பிழையான சிலிண்டரையும் பிழையான பாட்டையும் அப்படியே விட்டு மூன்றாவது சாமானொன்றால் சமப்படுத்துவதாக அது இருக்கும். திருகக்கூடிய வால்வை, அடுத்ததாக 'பிறேக் கடிக்குதில்லை' என்று யாராவது முறைப்பட்டால் இன்னொருவர் திருகிவிடுவார் என்பது மற்றக் காரணம்.

ஆகவே பின்னுக்கு மறுபடி முக்கால் அங்குலச் சிலிண்டர் பொருத்தப்பட்டது, கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடி எடுத்து, இரவு பஸ்ஸில் வந்தது. முன்னுக்குச் சாதாரண வீதிப் பாட். டிஸ்க்கில் பழைய பாட்டின் மினுக்கம் ஒட்டியிருந்ததால் 120 இலக்க அரத்தாளால் குறுக்காக உரசி, பிறேக் கிளீனரால் துடைத்தார்கள். பின் லைனரும் புதிது. றப்பர்க் குழாய்கள் நான்கில் இரண்டு உள்ளே வீங்கியிருந்தன, எல்லாம் மாற்றப்பட்டன. ஒயில் டொட் 4. ஒரு லீற்றர் முழுக்க ஓடவிட்டுப் பழசைக் கழுவி, காற்றெடுத்த ஒழுங்கு: இடது பின், வலது பின், இடது முன், வலது முன். மிதியோடு சேர்ந்த மாஸ்ரர் சிலிண்டர் வலப்பக்கம் இருப்பதால் தூரத்திலிருந்து கிட்ட வரும் ஒழுங்கு அது.

ரயர் 155/80 R13. அகலமான ரயர் வேண்டுமென்று உரிமையாளர் கேட்டார். பாரம் குறைந்த காரில் அகல ரயர் மழைத்தண்ணீரின்மேல் ஏறி மிதக்கும், எனவே ஒடுங்கியதே எடுக்கப்பட்டது. காற்று எவ்வளவு என்பதற்குச் சோக்கட்டி உதவியது. பூவுக்குக் குறுக்கே சோக்கால் கோடு கீறி, 50 மீற்றர் உருட்டிப் பார்த்தால், கடையில் வழக்கமாக அடித்த 30 பி.எஸ்.ஐ. காற்றழுத்தத்தில் நடுவிலே மட்டும் நாலுவிரல் அகலத்துக்குச் சோக் அழிந்தது, இரண்டு ஓரமும் வெள்ளையாக நின்றன. 18இல் ஓரம்வரை சமமாக அழிந்தது. முன் 18, பின் 19 என்று நிறுத்தினார்கள், அதுவும் விடியற்காலையில் அளந்து. வெயிலில் நின்ற ரயர் இரண்டு பி.எஸ்.ஐ. கூடக் காட்டும்.

ஒரு பக்கக் குறிப்பு. மைனர் ஹப்பில் (சில்லு ஏறும் மையம்) சில்லைப் பிடிக்கும் நான்கு ஸ்ரட் 4 அங்குல வட்டத்தில், அதாவது 101.6 மி.மீ. வட்டத்தில் நிற்கின்றன. கட்டியவர் முன் ஹப்பையும் அதே வட்டத்துக்கு மறுபடி துளைத்திருந்தார். இந்தக் காரில் மேலதிகச் சில்லாகக் கிடந்தது 100 மி.மீ. வட்டத்து ஜப்பான் றிம். தள்ளினால் ஏறும், நட்டும் இறுகும், ஆனால் நட் தன் குழியில் மையமாக உட்காராது, ஸ்ரட் வளைந்து நிற்கும். அந்தச் சில்லு அன்றே காரிலிருந்து அகற்றப்பட்டது.

மறுபடியும் வலப்பக்கம்

2024 பெப்ரவரியில் காய்ந்த வீதியில் பரீட்சித்தபோது பிறேக் நன்றாகப் பிடித்தது. ஆனால் 60இல் இலேசாகப் பிறேக்கைத் தொட்டால் மூக்கு வலப்பக்கம் போனது. சுழன்ற அன்றும் வலப்பக்கந்தான்.

இங்கே ஒரு கிழமை வீணாயிற்று. பிறேக்கில் ஒருபக்கம் இழுத்தால் முன் கலிப்பரைப் பார்ப்பது எல்லாருடைய வழக்கம். இடது கலிப்பரைக் கழற்றினார்கள், பிஸ்ரன் சுதந்திரமாக ஓடியது. பாட்டை இடம்வலம் மாற்றினார்கள். முன் சில்லுகளின் நேர்மையை மறுபடி அளந்தார்கள். எதுவும் மாறவில்லை.

திசையைக் காட்டியது அக்ஸிலறேற்றர். பிறேக்குக்கு வலப்பக்கம் போன கார், மூன்றாம் கியரில் அழுத்தி மிதித்தால் இடப்பக்கம் போனது. கலிப்பர் பிழையென்றால் பிறேக்கில் மட்டும் இழுக்கும். பிறேக்குக்கு ஒருபக்கம், இழுவைக்கு மறுபக்கம் என்றால் பின் அச்சே சட்டகத்தில் அசைகிறது என்று அர்த்தம். பிறேக் பிடிக்கையில் அச்சின் இடது முனை பின்னுக்குப் போனால் பின் சில்லுகள் இடப்பக்கம் பார்க்கும், காரின் பின்பக்கம் இடப்பக்கம் ஒதுங்கும், மூக்கு வலப்பக்கம் திரும்பும். மிதிக்கும்போது இதற்கு நேர்மாறு.

நூல் பிடித்து அளந்ததில் அச்சுத்தூரம் இடப்பக்கம் 2252, வலப்பக்கம் 2250 மி.மீ. நிற்கும் காரில் குறை சொல்லமுடியாத அளவு. பிறகு கைப்பிறேக்கை முழுக்க இழுத்து, இரண்டு பேர் காரை முன்னுக்கும் பின்னுக்கும் தள்ள, மூன்றாமவர் கீழே படுத்து டோர்ச் அடித்துப் பார்த்தார். இடது கீழ்த் தண்டைச் சட்டகத்தோடு பிடிக்கும் பிறக்கற் 4, 5 மி.மீ. அளவுக்கு மூச்சுவிட்டது.

தாருக்குள் இருந்தது

தார்ப்பூச்சைச் சூடுகாட்டிச் சுரண்டியதும் பிறக்கற்றின் ஒட்டுக்கோட்டோடு (வெல்டிங் கோட்டோடு) 14 மி.மீ. வெடிப்பு தெரிந்தது. அதைவிட மோசமானது பக்கத்தில் இருந்தது: பிறக்கற்றைத் தாங்கும் கீழ்க்குழாயில் ஸ்குறூ டிரைவரை வைத்து உள்ளங்கையால் தட்ட, உள்ளே போய்விட்டது.

எப்படி வந்தது என்பது தரைத்தகட்டைக் கழற்றியபோது விளங்கிற்று. அலுமினியத் தரையை இரும்புக் குழாயோடு நேரே றிவெற் அடித்திருந்தார்கள், இடையில் பெயின்றோ சீலன்றோ இல்லை. உப்பீரத்தில் இந்த இரண்டு உலோகமும் தொட்டுக்கொண்டால் முதலில் தின்னப்படுவது அலுமினியம். தகட்டின் அடியில் வெள்ளைப் பொடி திருநீறு போல உதிர்ந்தது. அந்தப் பொடி ஈரத்தைப் பிடித்துவைக்க, இடுக்கில் இருந்த இரும்பும் துருப்பிடித்தது. மேலே பெய்யும் மழை காருக்குள் தேங்கி இந்த இடுக்குக்குத்தான் இறங்கும், கதவும் கூரையும் இல்லாத காரல்லவா. கீழே தார் அடைத்திருந்ததால் வெளியேற வழியில்லை. துருவைத் தடுக்க அடித்த தாரே அதை மூடி வளர்த்தது.

கழுவிய தண்ணீரிலும் பிழை இருந்தது. வீட்டுக் கிணறு உவர். சுழற்சி நடந்த கையோடும் அதே தண்ணீரால்தான் காரைக் கழுவியிருந்தார்கள்.

வெட்டி ஒட்டியது

மேலால் ஒரு தகடு போட்டு ஒட்டிவிடலாம் என்ற யோசனை வந்தது. துருப்பிடித்த 1.6 மி.மீ. குழாயின்மேல் ஒட்டினால் ஒட்டின் ஓரத்தில் அடுத்த வெடிப்பு வரும் என்பதால் ஏற்கப்படவில்லை. சட்டகத்தைக் கொழும்புக்கு அனுப்பினால் முழுக்காரையும் பிரிக்கவேண்டும், செலவும் தாங்காது. யாழ்ப்பாணத்திலேயே வெட்டிப் புதுக்குழாய் போடுவதென்று முடிவு.

பெற்றோல் தாங்கியைக் கழற்றிக் கராஜுக்கு வெளியே கொண்டுபோனார்கள். பற்றரியின் இரண்டு வயரும் கழற்றப்பட்டன. சட்டகத்தைச் சமதளத்தில் ஆறு இடத்தில் தாங்கி, வெட்டப்போகும் இடத்துக்குக் குறுக்கே 40 மி.மீ. கோணக்கம்பி ஒன்றைத் தற்காலிகமாக ஒட்டினார்கள். இதைச் செய்யாமல் வெட்டினால் சட்டகம் சில மில்லிமீற்றர் வாய்பிளக்கும், பிறகு எந்த அளவையும் நம்பமுடியாது. 320 மி.மீ. நீளம் வெட்டப்பட்டது. சேசிஸ் இலக்கம் பொறித்திருந்தது வேறு குழாய். அதுவும் முதலிலேயே பார்த்து உறுதிசெய்யப்பட்டது.

இரும்புக்கடையில் முதலில் கொடுத்தது நாகம் பூசிய குழாய். ஒட்டும்போது நாகப்புகை நெஞ்சுக்குக் கேடு, ஒட்டும் பொத்தல் விழும். பூசாத குழாய்க்கு இரண்டு நாள் காத்திருந்தார்கள். இரண்டு முனையிலும் உட்செருகாக 60 மி.மீ. துண்டு வைத்து, மிக் வெல்டிங்கில் ஒட்டினார்கள். சாதாரணக் குச்சி வெல்டிங்கில் இந்தத் தடிப்பு இலகுவில் ஓட்டையாகும். ஒரே பக்கமாக ஒட்டிக்கொண்டு போகாமல், எதிரெதிர் மூலைகளில் 15 மி.மீ. துண்டுகளாக ஒட்டி ஆறவிட்டார்கள். புதிய பிறக்கற் 3 மி.மீ. தகடு, அடியில் 80 மி.மீ. அகலப் பரவல் தகட்டோடு. பழையது குழாயின் ஒரே முகத்தில் மட்டும் ஒட்டியிருந்தது. புதியது இரண்டு முகத்தைப் பிடிக்கிறது.

மற்ற ஏழு பிறக்கற்றையும் வெடிப்புக்குப் பார்த்த முறை பழையது, மலிவானது. இரும்பைச் சுத்தமாக்கி மண்ணெண்ணெய் பூசி, கால்மணி நேரம் ஊறவிட்டு, நன்றாகத் துடைத்து, சோக்கை அரைத்துத் தூவினால் வெடிப்புக்குள் போன மண்ணெண்ணெய் கசிந்து சோக்கில் கோடாகத் தெரியும். வலது மேல் பிறக்கற்றில் ஒரு கோடு காட்டியது. அரத்தால் உரசியதும் அது மறைந்தது, பழைய ஒட்டின் மேற்கீறல்தான்.

தரைத்தகடு புதிது. குழாய்க்கு எபொக்ஸி பிறைமர் இரண்டு பூச்சு, தகட்டின் அடிக்கும் அதே. இடையில் பொலியூரத்தேன் சீலன்ற். றிவெற் மூடிய தலை கொண்ட அலுமினிய வகை. சாதாரண றிவெற்றில் அறுந்து உள்ளே நிற்கும் ஆணித்துண்டு இரும்பு, அது துருப்பிடித்து றிவெற்றையே தளரவைக்கும். தரையின் நான்கு தாழ்ந்த மூலையிலும் 8 மி.மீ. வடிதுளை. குழாய்களுக்குள் மெழுகு பீச்சியடிக்கப்பட்டது. அடியில் தார் இல்லை, சாதாரண பெயின்ற் மட்டும். துரு வந்தால் கண்ணுக்குத் தெரியவேண்டும் என்பதே அதற்குக் காரணம்.

பரீட்சை

2024 ஏப்ரலில், பளைப் பக்கம் ஒரு தனியார் தென்னந்தோட்டத்துக்குள் போகும் கொங்கிறீற் பாதையில் செய்யப்பட்டது. நீளம் ஏறத்தாழ 180 மீற்றர். பவுசரால் தண்ணீர் விட்டு நனைத்தார்கள். முதலில் புதுப் பாட்டைப் பழக்கினார்கள்: 50இலிருந்து 15வரை பத்துத் தடவை, ஒவ்வொன்றுக்கும் இடையில் அரை நிமிடம் ஓட்டம், முழுதாக நிறுத்தாமல். பிறகு 30இலும் 40இலும் ஐந்தைந்து தடவை, சில்லுப் பூட்டும்வரை மிதித்து, பக்கத்திலிருந்து படம் எடுத்தார்கள். பத்திலும் முன் சில்லு முதலில் பூட்டியது. கார் நேரே போய் நின்றது. ஸ்ரியரிங்கை விட்டுப் பிடித்தும் ஒருமுறை பார்த்தார்கள், மூக்கு இருந்த இடத்திலேயே இருந்தது.

மிதி முன்னையதைவிட இலேசு. மெக்கானிக் தானே ஒருதரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, "இது மைனர் மாதிரி மிதிக்கிற பிறேக் இல்லைத் தம்பி, தடவுற பிறேக்" என்றார்.

இனி வேறாகச் செய்வது

2020இல் 'கடிக்குதில்லை' என்ற முறைப்பாடு வந்தபோது கேட்டிருக்கவேண்டிய கேள்வி, கடைசியாக என்ன மாறியது என்பதே. விடை கொப்பியில் இருந்தது. கொப்பி வீட்டில், கார் கராஜில். இப்போது காரின் உட்பக்கத் தகட்டில் ஓர் அலுமினியப் பலகை ஒட்டப்பட்டிருக்கிறது. அதில் நான்கு சில்லின் பாரம், ரயர்க் காற்று, பின் சிலிண்டரின் அளவு, பாட்டின் வகை, ஸ்ரட் வட்டம் 101.6 என்பவை எழுத்தாணியால் கீறியிருக்கின்றன. ரயர்க்கடைப் பொடியன் இப்போது கேட்பதில்லை, எட்டிப் பார்த்துவிட்டு அடிக்கிறான்.

இந்த மெக்கானிக்கைக் குறைசொல்லும் நோக்கம் இல்லை. அவர் செய்தது ஒரு மைனரில் சரியாக இருந்திருக்கும். பந்தயப் பாட் வாங்கியவர் உரிமையாளர். இலகு காரில் ஒரு பாகத்தை அளவு மாற்றிப் போடுவதற்கு முன் மற்ற அச்சில் என்ன நடக்கும் என்று பார்ப்பது அந்தப் பாகத்தை விற்றவருடைய வேலையும் அல்ல.

ஆய்வில் எங்கள் பக்கப் பிழையும் ஒன்று உண்டு. நான்கு சில்லின் பாரத்தையும் நிறுத்துப் பார்த்த அன்றே கைப்பிறேக்கை இழுத்துத் தள்ளிப் பார்த்திருக்கலாம், பத்து நிமிட வேலை. பிறேக் கணக்கு அழகாகப் பொருந்தியதும் தேடலை நிறுத்திவிட்டோம்.

கழுவுதல் இப்போது நல்ல தண்ணியில். தாம்போதிப் பக்கம் போய்வந்த அன்றே அடிப்பக்கமும் சில்லுக்குழியும் கழுவப்படுகின்றன. றேடியேற்றருக்கு மழைநீர். யாழ்ப்பாணக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளிருந்து வருவது, எஞ்சினுக்குள் கேத்திலில் போலவே படியும். வருடத்துக்கு ஒருமுறை, மாரி முடிய, எட்டுப் பிறக்கற்றுக்கும் மண்ணெண்ணெய்ச் சோக்குப் பரீட்சை.

வலது கீழ்க்குழாய் 2024இல் மாற்றப்படவில்லை. 3 மி.மீ. துளை போட்டு அளந்ததில் சுவர் 1.3 மி.மீ. இருந்தது. துளையை அடைத்துப் பெயின்ற் பூசி விட்டார்கள். அதே வருடம் நவம்பரில் பார்த்தபோது அந்த இடத்துக்குப் பின்னால், தண்டின் பிறக்கற்றிலிருந்து ஒரு சாண் தள்ளி, பெயின்ற் பயறளவு கொப்பளித்திருந்தது. பூசாத குழாய் ஒரு மீற்றர் வாங்கி, எண்ணெய் தடவி, பழைய பேப்பரில் சுற்றிக் கராஜின் மேல்தட்டில் வைத்திருக்கிறார்கள். மாரி முடிய வெட்டுவதாக முடிவு. அதுவரை கார் ஓடவில்லை.